‘கோர் பாசிட்டிவ்’ என்று வந்தால்: ஹெபடைடிஸ் பி தொட்டுப்போன உடலும் தடுப்பூசி காத்த உடலும்

கையில் ஒரு பரிசோதனைத் தாள். அதில் மூன்று வரிகள். எச்பிஎஸ்ஏஜி: நெகட்டிவ். ஆன்டி-எச்பிசி டோட்டல்: பாசிட்டிவ். ஆன்டி-எச்பிஎஸ்: 84. அறுவை சிகிச்சைக்கு முன்போ, கர்ப்ப காலத்திலோ, வேலையில் சேரும்போதோ, இரத்த தானம் செய்யப் போன இடத்திலோ எடுத்த சோதனையாக இருக்கும். உடம்பில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் காமாலை வந்ததாக நினைவே இல்லை. ஆனாலும் நடு வரியில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி எனக்கு இருக்கிறதா? வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவிவிடுமா? இப்போதாவது தடுப்பூசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா?

முதல் கேள்விக்கு விடை: முன்பு எப்போதோ தொற்றியிருக்கிறது, இப்போது நோயாக இல்லை. இரண்டாவதற்கு: இன்றைய நிலையில் உங்களோடு பழகுவதாலோ சேர்ந்து வாழ்வதாலோ யாருக்கும் வராது. மூன்றாவதற்கு: தடுப்பூசி வேண்டியதில்லை, உங்கள் உடலே அந்த வேலையை முடித்துவிட்டது. இந்த மூன்றையும் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். அவசரத்தில் விட்டுப்போவது நான்காவது ஒன்று. வைரஸ் தோற்றுவிட்டது, ஆனால் முழுதாக வெளியேறிவிடவில்லை. தொற்று வந்து நீங்கியதால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் தடுப்பூசியால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் தாளில் ஒரே மாதிரி எண்ணாகத் தெரிந்தாலும் இரண்டும் வேறு. முன்னதில் கைதி உள்ளே இருக்கிறான், காவல் விழித்திருக்கிறது. பின்னதில் கைதியே கிடையாது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் தாளில் இருக்கும் எல்லா வரிகளும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

மேலுறையும் உள்ளகமும்

ஹெபடைடிஸ் பி வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 42 நானோமீட்டர். வெளியே ஒரு புரத உறை. அதைத்தான் சர்ஃபேஸ் ஆன்டிஜென், சுருக்கமாக எச்பிஎஸ்ஏஜி என்கிறார்கள். அதற்குள்ளே இன்னொரு கூடு, கோர். கோருக்குள் சுமார் 3,200 எழுத்துகளே கொண்ட டிஎன்ஏ. மனிதனுக்கு நோய் தரும் டிஎன்ஏ வைரஸ்களில் இவ்வளவு சிறிய மரபணுத் தொகுப்பு கொண்டவை மிகச் சில.

இந்த வைரஸுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. தொற்றிய கல்லீரல் செல் முழு வைரஸ்களை மட்டும் செய்து அனுப்புவதில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று உறைகளையும் கணக்கில்லாமல் இரத்தத்தில் கொட்டுகிறது. அவை சுமார் 22 நானோமீட்டர் உருண்டைகள். முழு வைரஸ் ஒன்றுக்கு இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். டிஎன்ஏ இல்லாததால் அவற்றால் யாரையும் தொற்ற முடியாது. உடலின் எதிர்ப்பொருள்கள் இந்தப் பொய் உருண்டைகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வீணாக, அசல் வைரஸ் தப்பித்துப் போகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வைரஸ் தன் தற்காப்புக்காகச் செய்த இந்த வேலையே அதைக் காட்டிக்கொடுத்தது. 1960-களில் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்ப் பகுதி), ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒரு புரதத்தோடு வினைபுரிவதைக் கண்டார். 1965-இல் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்ற பெயரில் வெளியிட்டார். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகுதான் தெளிவானது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

தடுப்பூசியும் அந்த வெற்று உறைகளிலிருந்தே பிறந்தது. 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, தொற்று உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து உறைகளைப் பிரித்து, சுத்திகரித்துச் செய்யப்பட்டது. 1986-இல் வந்த அடுத்த தலைமுறையில் இரத்தத்துக்கே வேலை இல்லை. மேலுறைக்கான மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் வைத்து, ஈஸ்ட்டே அந்தப் புரதத்தைச் செய்து தரும்படி ஏற்பாடு செய்தார்கள். இன்று போடப்படும் ஊசிகளில் இருப்பதும் மேலுறைப் புரதம் மட்டுமே. அதில் கோர் கிடையாது, டிஎன்ஏ கிடையாது, அதனால் ஊசியால் நோய் வரவும் வழி கிடையாது.

தாளைப் படிக்கும் திறவுகோல் இதுதான். தடுப்பூசி உடலுக்குக் காட்டுவது மேலுறையை மட்டும். ஆகவே தடுப்பூசி போட்டவருக்கு மேலுறைக்கு எதிரான ஆன்டி-எச்பிஎஸ் மட்டுமே உருவாகும். கோருக்கு எதிரான ஆன்டி-எச்பிசி உருவாக வேண்டுமானால் அசல் வைரஸ் ஒருநாள் உள்ளே வந்து செல்லுக்குள் நுழைந்திருக்க வேண்டும். எத்தனை டோஸ் ஊசி போட்டாலும் இந்தக் கோர் ஆன்டிபாடி, அதாவது கோருக்கான எதிர்ப்பொருள், வராது. ஒருமுறை தொற்று வந்துவிட்டால் அந்த ஆன்டிபாடி பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அழியாது. மூன்று சோதனைகளில் பெரும்பாலும் பொய் சொல்லாத சாட்சி எது என்று கேட்டால் நான் கோரைத்தான் காட்டுவேன். உடல்நலச் சோதனைத் தொகுப்புகளில் எச்பிஎஸ்ஏஜி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ‘இப்போது இருக்கிறதா’ என்பதற்கு மட்டும்தான் அது விடை. ‘எப்போதாவது வந்ததா’, ‘காப்பு இருக்கிறதா’ என்ற இரண்டு கேள்விகள் அப்படியே நின்றுபோகின்றன.

மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் இப்படி வரும். மூன்றும் நெகட்டிவ் என்றால் வைரஸும் வரவில்லை, காப்பும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியவர் இவர்தான். ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த காப்பு. அதோடு கோரும் பாசிட்டிவ் என்றால் நோய் வந்து போன காப்பு. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது இருக்கிறது. அப்போது, தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐஜிஎம் வகைக் கோர் ஆன்டிபாடியும் தெரிந்தால் பெரும்பாலும் புதுத் தொற்று. எச்பிஎஸ்ஏஜி ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் நாள்பட்ட தொற்று. கோர் மட்டும் பாசிட்டிவாக, மற்ற இரண்டும் நெகட்டிவாக வருவதுதான் குழப்பமான கூட்டணி. பழைய தொற்றில் சர்ஃபேஸ் ஆன்டிபாடி தேய்ந்து போயிருக்கலாம். சோதனை தவறாகக் காட்டியிருக்கலாம். புதுத் தொற்றில் எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டிபாடி தலைகாட்டாத இடைவெளியாக இருக்கலாம். அரிதாக, மிகக் குறைந்த அளவில் வைரஸ் ஒளிந்தும் இருக்கலாம். வைரஸின் டிஎன்ஏ அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும்.

இன்னொரு சின்னச் செய்தி, பலரை வீணாகப் பயமுறுத்துவது. தடுப்பூசி போட்ட அடுத்த சில நாட்களில் சோதித்தால் ஊசியில் இருந்த மேலுறைப் புரதமே இரத்தத்தில் தென்பட்டு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வரக்கூடும். 18 நாட்கள் வரைகூட அப்படி வந்ததுண்டு. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போயிருக்கும்.

வயதுதான் விதியை எழுதுகிறது

ஒரே வைரஸ் ஒருவரைத் தொட்டுவிட்டுப் போகிறது, இன்னொருவருக்குள் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது தொற்றும்போது இருந்த வயது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது. ஐந்து வயதுக்குள் தொற்றினால் 30 முதல் 50 விழுக்காடு. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் கீழே.

காரணம் கல்லீரலில் நடக்கும் போர். இந்த வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. தொற்றிய செல்லை அடையாளம் கண்டு அழிப்பது நம் நோயெதிர்ப்பு அணுக்கள்தான். கண் மஞ்சளாகி, பசியற்று, வாரக்கணக்கில் படுத்த பெரியவருக்கு அந்தப் போர் கடுமையாக நடந்திருக்கிறது. அவர் பெரும்பாலும் வென்றுவிடுகிறார். சிசுவின் உடலோ வைரஸை அந்நியன் என்று உணராமல் விட்டுவிடுகிறது. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, குழந்தை கொழுகொழுவென வளர்கிறது, வைரஸும் கூடவே வளர்கிறது. நாற்பது வயதில் கல்லீரல் இறுகிப்போனதாகவோ புற்றுநோயாகவோ அது வெளிப்படும்போது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடி பேர். தமக்கு அது இருக்கிறது என்று கண்டறியப்பட்டவர்கள் அவர்களில் 13 விழுக்காடு மட்டுமே. அந்த ஆண்டில் இறந்தவர்கள் 11 லட்சம்.

பெரியவர்கள் எவ்வளவு உறுதியாக இதை வெல்கிறார்கள் என்பதற்கு ஒரு துயரமான சான்று வரலாற்றில் இருக்கிறது. 1942-இல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில், நிலைப்படுத்துவதற்காகச் சேர்த்த மனித சீரம் மாசுபட்டிருந்தது. சுமார் 50,000 வீரர்களுக்குக் காமாலை கண்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அப்போது நோயுற்ற வீரர்கள் பலரின் இரத்தத்தைச் சோதித்தபோது ஏறக்குறைய எல்லோரிடமும் ஹெபடைடிஸ் பி-யின் பழைய தடம் இருந்தது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களோ மிக மிக அரிது.

தடம் என்று சொன்னேன். தடம் மட்டுமா என்பதுதான் கேள்வி. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்த வைரஸ் தன் டிஎன்ஏவை செல்லின் உட்கருவுக்குள் ஒரு மூடிய வளையமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. புதிய வைரஸ்களுக்கான அச்சு அதுதான். உடல் வென்ற பிறகும் சில செல்களில் அந்த வளையங்கள் அமைதியாகக் கிடக்கின்றன. இதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், கோர் பாசிட்டிவ் என்ற நிலையில் முழு ஆரோக்கியமாக இருந்த கொடையாளரின் கல்லீரலை இன்னொருவருக்குப் பொருத்தினால், தடுப்பு மருந்து தராவிட்டால், அவருக்கு ஹெபடைடிஸ் பி வரக்கூடும். கொடையாளரின் உடலில் காவலில் இருந்தது, காவல் இல்லாத உடலுக்குப் போனதும் எழுந்துகொள்கிறது. கோர் பாசிட்டிவ் என்றால் பல இரத்த வங்கிகள் இரத்தத்தை ஏற்காததும் இதே காரணத்தால்தான். கொடுக்க வந்தவரை நோயாளி என்று முத்திரை குத்துவதற்காக இல்லை.

நீறுபூத்த நெருப்பு என்று நம் வழக்கில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். சாதாரண வாழ்க்கையில் அந்த நெருப்பு யாரையும் சுடாது. காவலை வேண்டுமென்றே தளர்த்தும் சிகிச்சைகளில்தான் ஆபத்து. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சில மூட்டு நோய்களுக்கும் தரப்படும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து அவற்றில் முதன்மையானது. எலும்பு மஜ்ஜை மாற்று, சில கீமோதெரபிகள், நீண்ட காலம் அதிக அளவில் எடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் பட்டியலில் உண்டு. வைரஸ் அப்போது எழுந்தால் கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம், உயிரும் போயிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் தடுப்பது எளிது: சிகிச்சைக்கு முன்பே வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கி, சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்வார்கள். ஒரு மாத்திரையால் தடுக்கக்கூடிய மரணம், பழைய தாள் ஒன்று காணாமல் போனதால் நேர்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அந்த மூன்று வரித் தாளை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். புதிதாக எந்த மருத்துவர் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எழுதினாலும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள்.

ஊசி குத்திய அந்த நிமிடம்

இரத்தம் எடுத்துவிட்டு ஊசியைக் குப்பியில் போடப்போகும்போது கையுறைக்குள் சுருக்கென்று ஒரு வலி. கழற்றிப் பார்த்தால் விரல் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் பலர் அறிந்த கணம் இது. அந்த நோயாளிக்கு வைரஸ் பெருக்கம் அதிகமாக இருந்து, குத்தப்பட்டவருக்குக் காப்பும் இல்லையென்றால், தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகலாம். ஹெபடைடிஸ் சி-க்கு அது 2 விழுக்காட்டுக்கும் கீழே, எச்ஐவி-க்கு 0.3 விழுக்காடு. எச்ஐவி-க்குப் பதறும் அளவில் பாதிகூட இதற்கு யாரும் பதறுவதில்லை. உலர்ந்த இரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடிய வைரஸ் இது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிரக்கூடாது என்பதும் அதனால்தான்.

குத்திய இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கிப் பிழிய வேண்டாம், பிளீச் ஊற்றவும் வேண்டாம். பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தடுப்பூசி முடித்து, ஆன்டி-எச்பிஎஸ், காப்புக்கான எல்லையான 10 அல்லது அதற்கு மேல் என்று எப்போதாவது உறுதியானதா? ஆம் என்றால் ஹெபடைடிஸ் பி-யைப் பொறுத்தவரை செய்ய ஒன்றுமில்லை. தடுப்பூசியே போடாதவர் என்றால், நோயாளிக்குத் தொற்று இருப்பது தெரிந்த நிலையில், இரண்டு ஊசிகள் தேவை. ஒன்று இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் உடலில் உருவான எதிர்ப்பொருளைக் கடனாகப் பெறுவது. சில மாதங்களில் அது கரைந்துவிடும். மற்றொன்று தடுப்பூசியின் முதல் டோஸ், சொந்தச் சம்பாத்தியத்தின் தொடக்கம். இரண்டும் வெவ்வேறு கைகளில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஊசிக் காயத்தில் ஏழு நாட்களுக்குப் பிறகும், உடலுறவு வழித் தொடர்பில் 14 நாட்களுக்குப் பிறகும் கடன் ஊசியால் பயன் இருப்பதாகச் சான்று இல்லை.

வைரஸ் நுழைந்த பிறகு போடும் தடுப்பூசி எப்படி அதை முந்துகிறது? இந்த வைரஸ் மெதுவானது. உள்ளே நுழைந்து நோயாக வெளிப்பட 30 முதல் 180 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. அந்த அவகாசத்தில் உடல் படை திரட்டிவிடுகிறது.

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதே கணக்குதான். தாயிடமிருந்து பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தொற்றுகிறது. அந்த மணி நேரத்திலிருந்து ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. தாய்க்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வசதியுள்ள இடங்களில் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துத் தருவார்கள். தாய்க்கு வைரஸ் அளவு மிக அதிகம் என்றால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் தருவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தக் குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்தில் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிஎஸ் இரண்டையும் பார்ப்பது வழக்கம். கோர் ஆன்டிபாடியை அப்போது பார்ப்பதில் பொருளில்லை. தாயின் கோர் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்து இரண்டு வயது வரைகூட இரத்தத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கும் வந்துவிட்டது என்று அழுத தாய்மார்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எண் குறைந்தால் காப்பு போய்விட்டதா?

தடுப்பூசி போட்டவர்களின் கவலை வேறு மாதிரி. 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ் முடிந்து, ஓரிரு மாதத்தில் பார்த்தபோது டைட்டர், அதாவது ஆன்டி-எச்பிஎஸ் அளவு, 400. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் 7. காப்பு போய்விட்டதா, மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?

போகவில்லை. இரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடி ஆண்டுக்காண்டு தேய்வது இயல்பு. அதைச் செய்யக் கற்றுக்கொண்ட நினைவு செல்கள் தேய்வதில்லை. வைரஸ் மீண்டும் வந்தால் அவை சில நாட்களில் ஆன்டிபாடியைப் பெருக்கிவிடும். வைரஸுக்கோ வாரங்கள் வேண்டும். ஆரோக்கியமானவர்களிடம் இந்தக் காப்பு 30 ஆண்டுகளுக்கும் மேல் நீடிப்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தொடர் முழுமையாகி, ஒருமுறை 10-ஐத் தாண்டியவருக்கு பூஸ்டர் தேவையில்லை. ஒரு டோஸை மறந்துபோய் ஓராண்டு கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

விலக்குகள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நினைவு செல்களை நம்பியிருக்க முடியாது. ஆண்டுதோறும் டைட்டர் பார்த்து 10-க்குக் கீழே போனால் பூஸ்டர் போடுவார்கள். முதல் தொடர் முடிந்து ஓரிரு மாதத்தில் பார்க்கும்போதே 10-ஐத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டுதல், புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் இதற்குக் காரணமாகின்றன. இவர்களுக்கு இன்னொரு முழுத் தொடர் போட்டால் பலருக்குக் காப்பு வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், முதலில் எச்பிஎஸ்ஏஜியையும் கோரையும் பார்க்க வேண்டும். ஊசி பலிக்காததாக நினைத்தவருக்கு ஏற்கெனவே வைரஸ் இருப்பது அந்தச் சோதனையில்தான் தெரியவருவதுண்டு.

7 என்று எண் தேய்ந்த அந்த மனிதருக்கு உள்ளே கைதி இல்லை, அச்சு இல்லை. நாளை அவருக்கு ரிட்டுக்ஸிமாப் தர நேர்ந்தாலும் எழுந்துவர ஒன்றும் கிடையாது. தைவான் 1984-இல் நாடு தழுவிய அளவில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளிலேயே அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை ஆய்வுகள் பதிவுசெய்தன. காமாலைக்காகப் போட்ட ஊசி, புற்றுநோயையும் தடுத்த முதல் தடுப்பூசியாகியது.

84 என்று வந்தவருக்கு இனி செய்ய வேண்டியவை சிலவே. கல்லீரல் செயல்பாட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் மூன்று வரிச் சோதனையைச் செய்துகொள்ளட்டும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாததால், அதே வழியில் அவர்களில் ஒருவருக்கு வந்து தங்கியிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால், காப்பில்லாதவர்கள் அன்றே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளலாம். தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை, குழந்தையை முத்தமிடத் தயங்க வேண்டியதில்லை. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாக உள்ளவருக்கும் இதே பதில்தான். சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டியணைப்பதாலோ இந்த வைரஸ் பரவுவதில்லை. அவருக்குக் கூடுதலாக வேண்டியது முறையான கண்காணிப்பும், மருத்துவர் சொன்னால் தினம் ஒரு மாத்திரையும், மதுவைத் தொடாதிருப்பதும், காப்புள்ள ஒரு குடும்பமும்.